சாவகாசம் என்றொரு சொல்

டெக்கான் குயின் எங்கள் கசார்வாடியில் நிற்பதில்லை. 1930-ல் விடப்பட்ட ரயில். காலையில் மும்பையை நோக்கியும் இருட்டிய பிறகு புனேயை நோக்கியும், லோக்கலுக்காகக் காத்து நிற்பவர்களின் முகத்தில் காற்றை அடித்துவிட்டுப் போய்விடும். கணித அறிஞரும் வரலாற்றாசிரியருமான டி.டி. கோசாம்பி (1907-1966) பல ஆண்டுகள் இந்த ரயிலில்தான் வேலைக்குப் போய்வந்தார். வீடு புனேயில். வேலை பம்பாயில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில். போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு.

எழுதுகிறவர்கள் யாரிடம் இதைச் சொன்னாலும் முதலில் பொறாமைப்படுகிறார்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்! யாரும் கதவைத் தட்டாத, குக்கர் விசில் கேட்காத ஆறு மணி நேரம்! எத்தனை புத்தகம் படித்துத் தள்ளியிருக்கலாம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். ஆனால் அந்த ஆண்டுகளில் கோசாம்பி செய்த பெரிய வேலைகளில் ஒன்று இந்தக் கணக்கில் அடங்காது. பர்த்ருஹரியின் பெயரால் வழங்கும் சம்ஸ்கிருதத் தனிப்பாடல்களை அவர் 1948-ல் பதிப்பித்தார். நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டுச் செய்த பதிப்பு. ஒரே பாட்டை இந்தச் சுவடியில் ஒரு தடவை, அந்தச் சுவடியில் ஒரு தடவை, எங்கே ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று பார்க்க மறுபடியும் ஒரு தடவை. 'இந்த ஆண்டு என்னென்ன படித்து முடித்தீர்கள்' என்று யாராவது அவரிடம் பட்டியல் கேட்டிருந்தால், பர்த்ருஹரி அதில் ஒரே ஒரு வரியாகத்தான் இருந்திருப்பார்.

கோசாம்பி நினைவுக்கு வரக் காரணம், பிம்பிரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்கார இளைஞர். கதை எழுதுகிறவர். இரண்டு கதைகள் சிறுபத்திரிகைகளில் வந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது வீட்டுக்கு வருவார்.

"அக்கா, போன வருஷம் 62 புத்தகம் முடிச்சேன்" என்றார். செல்போனில் கணக்கு வைத்திருக்கிறார். புத்தகம் முடிந்ததும் அதில் ஒரு பச்சை டிக் விழும். ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஒலிப்புத்தகம், அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில். மெட்ரோவில் பி.டி.எஃப். சாப்பாட்டு இடைவேளையில் சிறுகதை ஒன்று.

"ஆனா என் எழுத்துல ஒண்ணும் ஒட்டலக்கா. மூணு வருஷத்துக்கு முன்னாடி எழுதின மாதிரியேதான் இப்பவும் எழுதறேன்."

மெஷினில் வந்த பழுதைச் சூப்பர்வைசரிடம் சொல்வதுபோல, வருத்தமெல்லாம் காட்டாமல்தான் சொன்னார். அந்த 62-ல் ஏதாவது ஒரு புத்தகத்தின் முதல் பாரா எப்படித் தொடங்குகிறது என்று கேட்டேன். யோசித்தார். கதையைச் சொன்னார். பாத்திரங்களின் பெயர்களைச் சொன்னார். முதல் பாரா வரவில்லை. அவர் மட்டும் என்ன செய்வார்? ஒன்றரை மடங்கு வேகத்தில் பாரா தெரியாது. கதைதான் தெரியும்.

மராத்தியில் 'சாவகாஷ்' என்றொரு சொல் உண்டு. 'வாஹனே சாவகாஷ் சாலவா' என்று சாலை ஓரங்களில் எழுதி வைத்திருப்பார்கள். வண்டியை மெதுவாக ஓட்டுங்கள் என்று அர்த்தம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். 'வண்டியைச் சாவகாசமாக ஓட்டு' என்கிறதே பலகை! சொல் ஒன்றுதான். நம்மிடம் அது அவசரமில்லாமல், ஆற அமர என்ற பொருளில் தங்கிவிட்டது. அவர்களிடம் மெதுவாக என்பதோடு நின்றுவிட்டது. எழுதுகிறவன் படிக்கும் நேரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தச் சொல்லின் இரண்டு பக்கங்களிலும் இருக்கிறது. நேரத்தை நீட்ட நம்மால் முடியாது. வேகத்தைக் குறைக்க முடியும்.

எல்லாவற்றையும் மெதுவாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. தினசரிகள், அறிக்கைகள், பேட்டிகள், பாதி நாவல்கள் - இவற்றை ஓட்டமாக ஓட்டிவிடலாம். பத்திரிகைத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. ஐம்பது பக்கத்துக்குள் பிடிக்காத நாவலை மூடி வைப்பதிலும் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் எழுத்தாளனுக்கு உரமாக இறங்குவது வேறொரு வாசிப்பு. கையும் சேர்ந்து வேலை செய்கிற வாசிப்பு. அதற்கு நான் அறிந்தவரை மொழிபெயர்ப்பை விஞ்சியது இல்லை. நான் மொழிபெயர்ப்பாளர் என்பதால் என் கடைச் சரக்கைப் புகழ்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். நம் இலக்கிய வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.

புதுமைப்பித்தன் 42 வயதில் இறந்தவர். எழுத்து வாழ்க்கை மொத்தமே ஏறக்குறைய 15 வருஷம். அதற்குள் பத்திரிகை உத்தியோகம், கடன், சினிமா, காசநோய். இதற்கு நடுவில் நூற்றுச் சொச்சம் சொந்தக் கதைகள் எழுதியவர், பல தேசத்துச் சிறுகதைகளையும் ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். நேரம் இல்லாத மனிதர் செய்கிற காரியமா இது? பணத்துக்காகச் செய்தார் என்று சொல்லிவிடலாம். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இன்னொருவன் கதையை எங்கே தொடங்கினான், எங்கே நிறுத்தினான், நடுவில் எதைச் சொல்லாமல் விட்டான் என்பதை வாக்கியம் வாக்கியமாகத் தன் பேனாவால் திரும்பப் போட்டுப் பார்த்த மனிதரின் சொந்தக் கதைகளில், ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. அவருடைய கடைசி மாதங்கள் இந்தப் புனேயில்தான் கழிந்தன. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுத வந்தவர், நோய் முற்றி 1948 மே மாதம் திருவனந்தபுரம் திரும்பினார். ஜூன் 30-ல் முடிந்துபோயிற்று. இங்கிருந்து மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் புத்தகமாகக் கிடைக்கின்றன. எழுத்தாளனுக்கு நேரம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அதைப் படிக்கலாம். மனசு திடமாக இருக்கிற நாளில்.

சுந்தர ராமசாமி இன்னும் தெளிவான உதாரணம். சிறு வயதில் நோயில் படுத்ததால் பள்ளிப்படிப்பு நின்றது. தமிழை ஒழுங்காகப் படிக்கக் கற்றதே தாமதமாகத்தான். நாகர்கோவிலில் குடும்பத்தின் ஜவுளிக் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர் எழுத வந்த புதிதிலேயே கைவைத்தது தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' மொழிபெயர்ப்பில். அது புத்தகமாக வர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது தமிழ்ப் பதிப்புலகின் லட்சணம். பிறகு 'செம்மீன்' 1962-ல். சொந்த நாவலான 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-ல். இந்த வரிசையைக் கவனியுங்கள். தகழியின் இரண்டு நாவல்களுக்குள் ஒவ்வொரு வாக்கியமாக நடந்து முடித்த பிறகுதான் சொந்த நாவல் வருகிறது. அது தகழியைப்போல இல்லவே இல்லை என்பதுதான் இதில் ருசியான விஷயம். மேலோட்டமாகப் படித்தவன் காப்பியடிப்பான். உள்ளே நடந்து பார்த்தவனுக்கு, தான் எங்கே வேறு வழி போக வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

க.நா.சு.வைப் பற்றி ஒரு வார்த்தை. 'பட்டியல் போடுகிறவர்' என்று அவரைக் கேலி செய்தார்கள். இன்றைய இளைஞர்கள் அந்தப் பட்டியல்களைத்தான் தேடுகிறார்கள். நட் ஹாம்சனின் 'நிலவளம்', செல்மா லாகர்லெவின் 'மதகுரு', பேர் லாகர்க்விஸ்டின் 'அன்பு வழி' ஆகியவற்றைத் தமிழில் முழுக்க எழுதிய மனிதர் அவர். பட்டியலை வாங்கிக்கொண்டோம். அதற்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்த மணி நேரங்களை விட்டுவிட்டோம்.

மராத்தியிலிருந்து தமிழுக்கு வருகிறவர்கள் கா.ஸ்ரீ.ஸ்ரீ.யை நினைக்காமல் இருக்க முடியாது. வி.ஸ. காண்டேகர் (1898-1976) தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை வாசகர்களுக்குத் தமிழ் எழுத்தாளராகவே ஆகிப்போனதற்கு இந்த ஒரு மனிதர் காரணம். ஒரே ஆசிரியரை நாவல் நாவலாக மூல மொழியிலிருந்தே கொண்டுவந்தார். காண்டேகரின் லட்சிய வசனங்கள் இன்று எனக்குக் கொஞ்சம் திகட்டுகின்றன, அது வேறு விஷயம். ஒரு ஆசிரியரோடு அத்தனை வருஷம் குடித்தனம் நடத்த யாருக்கு இப்போது பொறுமை இருக்கிறது?

இந்த ஊரிலேயே ஒருவருக்கு இருந்தது. திலீப் சித்ரே. மராத்திக் கவிஞர், 2009-ல் புனேயில் காலமானார். கசார்வாடியிலிருந்து இருபது கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் தேஹு இருக்கிறது, துக்காராம் பிறந்த ஊர். எங்கள் மெட்ரோ பாதையில் ஒரு ஸ்டேஷனுக்கே சந்த் துக்காராம் நகர் என்று பெயர். ஆஷாட மாதத்துப் பால்கி பழைய மும்பை சாலை வழியாக எங்களைத் தாண்டித்தான் புனேக்குப் போகிறது. இப்படி எங்கு பார்த்தாலும் துக்காராம் இருக்கிற பிரதேசத்தில், அவரை இனிமேல் படிக்கத் தேவையில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். சித்ரே இளம் வயதில் துக்காராமின் அபங்கங்களை ஆங்கிலத்தில் போட்டுப் பார்க்கத் தொடங்கினார். 'ஸேஸ் துக்கா' என்ற அந்தப் புத்தகம் வெளிவந்தது 1991-ல். நடுவில் பல பத்தாண்டுகள். அதே சமயத்தில் சொந்தக் கவிதை, ஓவியம், சினிமா எல்லாம் செய்துகொண்டிருந்தார். 1994-ல் சாகித்ய அகாதெமி அவருக்கு இரண்டு பரிசுகள் கொடுத்தது - சொந்த மராத்திக் கவிதைத் தொகுப்புக்கு ஒன்று, துக்காராம் மொழிபெயர்ப்புக்கு ஒன்று. இரண்டும் ஒரே கையின் வேலை என்பதை அகாதெமிகூடப் புரிந்துகொண்டுவிட்டது!

துக்காராமே அப்படிப்பட்ட வாசகர்தான். தேஹுவில் தானிய வியாபாரம். பஞ்சத்தில் குடும்பமும் கடையும் நொடித்த பிறகு பண்டாரா குன்றில் போய் உட்கார்ந்து ஞானேஸ்வரியையும் முன்னோர்களின் பாடல்களையும் படித்தார் என்று மரபு சொல்கிறது. சந்தர்களின் சொற்களில் சிலவற்றைப் பாடம் செய்துகொண்டதாக அவரே ஓர் அபங்கத்தில் சொல்கிறார். 'சில' என்கிற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் பாடிய மனிதர், தான் மனப்பாடம் செய்தது 'சில' என்கிறார்.

என் நாளில் எனக்கென்று கிடைப்பது காலையில் முக்கால் மணி நேரம். வீடு விழிப்பதற்கு முன். அதில் ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு புத்தகம். பென்சில், மோல்ஸ்வொர்த்தின் மராத்தி அகராதி (1857-ல் வந்த அந்த இரண்டாம் பதிப்பை இன்னும் யாரும் ஓரங்கட்ட முடியவில்லை), பக்கத்தில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. சில நாள் அகராதியிலேயே முக்கால் மணி நேரமும் கரைந்துவிடும். போகட்டும். அகராதி படிப்பதும் படிப்புதான். மெட்ரோவில் இந்த வேலை ஆகாது. கசார்வாடியில் ஏறினால் இருபது நிமிஷத்துக்குள் சிவாஜி நகர் வந்துவிடுகிறது. அங்கே வயிற்றுப்பாட்டு வாசிப்பு மட்டும்.

இரண்டாவது மொழி தெரியாதவர்கள் என்ன செய்வது? பழைய காலத்தில் அதற்கும் வழி இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியே பாடம் படித்தார் உ.வே.சா. கண் தாவிப் போய்விடும். கை தாவாது. பிடித்த ஒரு கதையின் ஒரு பக்கத்தைப் பார்த்துக் கையால் நோட்டில் எழுதிப் பாருங்கள். அந்த எழுத்தாளர் 'ஆனால்' என்ற சொல்லை எங்கெல்லாம் போடவில்லை என்பது விரலுக்குத் தெரியும்.

பிம்பிரி இளைஞருக்கு மராத்தி தெரியும். ஷாப் ஃப்ளோரில் கற்றது. பேச்சு சரளம், படிப்பு எழுத்துக் கூட்டி. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது; வேகமாகப் போகவே முடியாது. ஒரு மராத்திச் சிறுகதையின் முதல் பக்கத்தை மட்டும் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். ஒரு மாதம் கழித்து வந்தார். "ஒரு பக்கத்துக்குப் பதினொரு ராத்திரி ஆச்சுக்கா. அந்த நேரத்துல ரெண்டு நாவல் முடிச்சிருப்பேன்." புகார் மாதிரி இருந்தாலும் நோட்டை நீட்டியபோது முகம் வேறு மாதிரி இருந்தது. மாமனாரை மருமகள் எப்படிக் கூப்பிடுவாள் என்பதற்கு மட்டும் நாலு தடவை அடித்து எழுதியிருந்தார். திருநெல்வேலியில் எப்படிச் சொல்வார்கள், மதுரையில் எப்படி, இந்த மாமனாருக்கு எது பொருந்தும் என்று யோசித்திருக்கிறார். தன் சொந்தக் கதைகளில் எல்லா மருமகள்களும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்று அவரே சொன்னார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இத்தனையும் எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த மெதுவான வாசிப்பு, மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களிடமிருந்தே போய்க்கொண்டிருக்கிறது.

சமீபத்தில் ஒரு பதிப்பாளர் மராத்தித் தலித் தன்வரலாறு ஒன்றைத் தமிழாக்கக் கேட்டார். முந்நூறு பக்கம். கூடவே ஒரு கோப்பும் வந்தது. கம்ப்யூட்டர் ஏற்கெனவே மொழிபெயர்த்து வைத்த முழுத் தமிழ்ப் பிரதி. "நீங்க செப்பனிட்டுக் கொடுத்தாப் போதும் மேடம், ஆறு வாரம்." கூலியும் செப்பனிடும் கூலிதான், மொழிபெயர்ப்புக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு. இயந்திரத் தமிழைப் பழைய நாட்களைப்போல இனிக் கேலி செய்ய முடியாது. வாக்கியங்கள் சுத்தமாக இருந்தன. தவறு தேடினால் சட்டென்று கிடைக்காது. அங்கேதான் வம்பு.

ஒரு கிழவி பேரனிடம் சொல்கிறாள். மராத்தியில் 'டோள்யாத் தேல் காலூன்' என்று வருகிறது. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு ஆட்டைப் பார்த்துக்கொள் என்கிறாள். இயந்திரம் 'மிகுந்த கவனத்துடன்' என்று போட்டிருந்தது. அர்த்தம் சரி. ஆனால் 'கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு' என்று நம் வீட்டுக் கிழவிகளும் அதையேதான் சொல்கிறார்கள்! மராத்திக் கிழவியும் தமிழ்க் கிழவியும் ஒரே எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறார்கள். நடுவில் ஓர் அதிகாரி வந்து 'மிகுந்த கவனத்துடன்' என்று சுற்றறிக்கை வாசித்துவிட்டார். செப்பனிடுகிறவருக்கு இது தெரியவே வராது. சரியான வாக்கியத்தில் செப்பனிட என்ன இருக்கிறது?

அடுத்தது இன்னும் மோசம். மராத்தியில் நம்மைப்போலவே 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. 'ஆபண்' என்றால் கேட்பவரையும் சேர்த்து. 'ஆம்ஹி' என்றால் கேட்பவரை விலக்கி. ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் இல்லை, இந்தியிலும் இல்லை. நான்காம் அத்தியாயத்தில் கிணறு வருகிறது. தண்ணீர் எடுக்க விடாமல் நிறுத்தப்பட்ட ஒரு பெண், மேலே நிற்கும் பட்டேலின் மகனிடம் பேசுகிறாள். அரைப் பக்கம் முழுக்க 'ஆம்ஹி'. ஓரிடத்தில் மட்டும், ஒரே ஓரிடத்தில், 'ஆபண்' என்கிறாள். அவனையும் சேர்த்துக்கொண்டு ஒரு வாக்கியம். பையன் முகம் மாறுகிறது. ஆசிரியர் வேறெதையும் விளக்கவில்லை. இயந்திரப் பிரதியில் எல்லாம் கலந்து கிடந்தது. முதல் வரியிலேயே 'நாம்', பிறகு 'நாங்கள்', மறுபடி 'நாம்'. வழியில் எங்கோ ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கும் போலிருக்கிறது. தமிழில் படிக்கிறவருக்கு அந்தப் பெண் முதலிலிருந்தே பட்டேல் மகனோடு உறவு கொண்டாடுவதாகத் தோன்றும். அவன் முகம் எதற்கு மாறியது என்று புரியாது. மூன்று தலைமுறை அவமானமும், அதை அவள் ஒரு சொல்லால் தாண்டியதும், ஒன்றும் நடக்காததுபோல ஆகிவிடும். வாக்கியத்தில் இலக்கணப் பிழைகூட இருக்காது.

பதிப்பாளருக்குப் போன் செய்து இந்த இரண்டு இடங்களையும் படித்துக் காட்டினேன். நல்ல மனிதர்தான். "புரியுது மேடம், ஆனா இப்படி எத்தனை இடம் இருக்கும்?" என்றார். படித்தால்தான் தெரியும் என்றேன். அவர் ஆறு வாரத்தில் தொடங்கினார். நான் பத்து மாதத்தில் தொடங்கினேன். கடைசியில் ஏழு மாதம், மொழிபெயர்ப்புக் கூலியில் முக்கால் பங்கு, இயந்திரப் பிரதி எனக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று. கால் பங்கை விட்டுக்கொடுத்தது நியாயமா என்று சக மொழிபெயர்ப்பாளர்கள் கேட்கிறார்கள். அந்தச் சண்டை தனியாக நடக்கிறது.

பிம்பிரி இளைஞர் அந்தச் சிறுகதையின் மூன்றாம் பக்கத்துக்கு வந்திருக்கிறார். செல்போனில் இந்த வருஷக் கணக்கு நாலு பச்சை டிக்கோடு நிற்கிறது. "கேவலமா இருக்குக்கா" என்கிறார். மருமகள் மாமனாரிடம் ஒரு பொய் சொல்லும் இடம் அடுத்த பக்கத்தில் வருகிறதாம். மரியாதையான பொய். அதைத் தமிழில் எப்படிச் சொல்வாள் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்க வருகிறார்.